ஒற்றைப் பெடல் மடக்கர்

யாழ்ப்பாணத்து ஏழு தீவையும் சலித்தெடுத்தாலும் மடக்கரைப் போல இன்னொரு கோபக்காரர் அகப்பட மாட்டார். எங்கள் கடலுக்குக்கூடக் கோபத்துக்கு ஒரு பருவம் உண்டு. சோளகக் காற்றுக் கிளம்பினால் கொந்தளிக்கும், பிறகு தானாக அடங்கிவிடும். மடக்கருக்குப் பருவம் கிடையாது. விடிய எழும்பிப் பற்பசையின் மூடியோடு தொடங்குவார். அது திறக்காவிட்டால் ஏச்சு. திறந்துவிட்டால், இவ்வளவு சுகமாக ஏன் திறந்தது என்று அதற்கும் ஏச்சு.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஊரில் அந்த அட்டையைப் பார்த்தவர் இல்லை. வேலணை தொடங்கி நெடுந்தீவு வரைக்கும் அவர் மடக்கர்தான். "மடக்கர், புளியங்கூடல்" என்று மட்டும் எழுதிப் போட்ட கலியாணக் காட் ஒன்று ஒழுங்காக வந்து சேர்ந்தது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "எனக்கெண்டு ஒரு பேரில்லையோ?" என்று தபால்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப உங்கட பேர் என்ன அண்ணை?" என்று தபால்காரர் பணிவாகத்தான் கேட்டார்.

"அதை ஏன் உமக்குச் சொல்ல வேணும்?" என்று படலையைச் சாத்திவிட்டார்.

தொழில், தையல் மெஷின் திருத்துவது. தீவுகளில் தைத்துப் பிழைக்கிற பெண்கள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் முறை வைத்துப் போவார். மெஷினோடு அவர் கோபித்ததை யாரும் பார்த்ததில்லை. மெஷினைப் பழுதாக்கினவர்களோடு கோபிக்கவே அவருக்கு நேரம் போதாது. "இதுக்குத் தேங்காயெண்ணெய் விட்டது ஆர்? மெஷினைப் பொரிச்சுத் தின்னப் போறியளோ?" என்று அவர் முன்னறையில் கத்துவது குசினி தாண்டிக் கிணற்றடிக்குக் கேட்கும். ஆனால் அவர் கை பட்ட மெஷின் ஒரு வருஷத்துக்கு முனகாது.

ஆள் ஆறடி. இடது முழங்கால் மடங்காது. அது எப்படி அப்படியானது என்று கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு கதை கிடைத்தது. ஒருவருக்குச் சண்டைக் காலத்தில் செல் குண்டு விழுந்தது என்றார். இன்னொருவருக்குப் பனையால் விழுந்தது என்றார். நான் கேட்டபோது, "உம்மைப் போலக் கேள்வி கேட்ட ஒருத்தனை உதைக்கப் போய் இப்பிடியானது" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. நூறு யார் தூரம் நடந்தால் எதிலாவது சாய்ந்து நின்று மூச்சு வாங்க வேண்டும். ஆகவே சைக்கிள்தான் அவருக்குக் கால். இதை நீங்கள் மறக்காமல் வைத்திருங்கள். நான் ஒருநாள் மறந்தேன்.

வேலணைப் பக்கம் பெரிய சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தார். நெடுந்தீவுதான் பிரச்சினை. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகு ஒரு மணித்தியாலம் போகும். சைக்கிளைப் படகின் கூரையில் போடுவதும் விடுவதும் படகுக்காரரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. சீமெந்துக்கு இடமிருக்கும், காஸ் சிலிண்டருக்கு இடமிருக்கும், ஆட்டுக்குக்கூட இடமிருக்கும். மடக்கரின் சைக்கிளுக்கு மட்டும் "இண்டைக்கு ஏலாது அண்ணை." இறங்கியபின் நெடுந்தீவு சின்ன இடமில்லை. மடங்காத காலோடு அந்த வெயிலில் வீடு வீடாக நடக்க முடியாது.

இந்த நேரத்தில்தான் எங்கள் சரவணையில் ஒரு வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் அந்த மடக்கிற சைக்கிளைக் கண்டார். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் கொண்டுவந்து, இரண்டு நாள் ஓடி, கடற்கரையில் வைத்துப் படமெடுத்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன் மேல் மூன்று கோழி அடைந்திருந்தது.

"கோழிக்கு என்னத்துக்குச் சைக்கிள்?" என்று கேட்டார்.

"வேணுமெண்டா நீங்களே கொண்டு போங்கோ. இடத்தை அடைச்சுக்கொண்டு கிடக்கு" என்றாள் வீட்டுக்காரி.

அதுவரை அவருக்கு ஊர் வைத்த பெயர் வேறு ஏதோ. அன்றிலிருந்து மடக்கர்.

அந்தச் சைக்கிளைத் தனக்கேற்றபடி அவர் மாற்றிய இரண்டு மாதமும் அவர் வீட்டில் சமாதானம் இருக்கவில்லை. சில்லு இரண்டும் சின்னன். ஆளோ ஆறடி. சீற்றுக்குக் கீழே தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டி ஏற்றினார். ஹாண்டிலுக்கும் அப்படியே. இடது பக்கப் பெடலும் தண்டும் தனக்கு எதற்கென்று இரும்பறுக்கிற வாளால் அறுத்து எறிந்துவிட்டு, விறைத்த காலை நீட்டி வைக்க முன்பக்கமாக ஒரு இரும்புப் படி ஒட்டுவித்தார். வலது பெடலில், பழைய கால்மெஷினின் தோல் பட்டியை வெட்டி வார் கட்டினார். கால் அதற்குள் மாட்டிக்கொள்ளும். மிதிக்கும்போதும் தள்ளலாம், எடுக்கும்போதும் இழுக்கலாம். ஒரே காலில் இரண்டு கால் வேலை. முன்னுக்கு, மெஷினை மூடுகிற மரப் பெட்டியைக் கவிழ்த்துப் பூட்டினார். மெஷின் திருத்துகிற ஆயுதம், நூல், ஊசி, எண்ணெய், மத்தியானச் சாப்பாடு எல்லாம் அதற்குள். மணி பூட்டவில்லை. அவர் வாய் இருக்கும்போது மணி எதற்கு?

நடுவில் மடக்கிற இடத்துப் பூட்டு உடைந்து போயிருந்தது. அதற்குச் சரியான சாமான் யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியும் இல்லை. ஒருநாள் காலையில் அவர் மனைவி போட்ட சத்தம், வீட்டைத் தாண்டிப் போன எங்கள் பஸ்ஸுக்குள் கேட்டது.

"இஞ்சருங்கோ! கக்கூசுக் கதவின்ர தாழ்ப்பாள் எங்க?"

"அது கதவிலை சும்மாதானே கிடந்தது!"

"சும்மாவோ? உள்ளுக்க இருக்கேக்க ஒரு கையால கதவைப் பிடிச்சுக்கொண்டே இருக்கிறது?"

"பாட்டுப் பாடும். ஆள் இருக்கெண்டு தெரியும்!"

இப்படியாக ஒரு கதவுத் தாழ்ப்பாள் அந்தச் சைக்கிளின் நடுவில் வந்து உட்கார்ந்தது. அதை இழுத்தால் சைக்கிள் மடங்கும், தள்ளினால் நிமிரும். முழங்கால் மடங்காத மனிதருக்கு மடங்குகிற சைக்கிள். அவருடைய மனைவி ஆறு மாதம் பாடினார்.

தெருவில் அது வரும்போது ஒரு சத்தம் வரும். ஒற்றைப் பெடல் என்பதால் ஒரு சுற்றுக்கு ஒரு "டக்". இடையில் ஒரு மௌனம். மறுபடி "டக்". நெடுந்தீவின் கல் மதில்களுக்கு மேலால் தொப்பி மட்டும் தெரியும். அந்த "டக்" கேட்டதும் உள்ளே இருக்கிற பெண்கள் மெஷினின் தூசியைத் துடைக்கத் தொடங்குவார்கள். ஊசி தேய்ந்திருந்தால் ஒளிப்பார்கள். அங்கே திரிகிற காட்டுக் குதிரைகள்கூட விலகி நின்று பார்த்ததாகச் சொல்வார்கள். இதை நான் நம்புகிறேன்.

சிரித்தவர்கள் கொஞ்சமல்ல. பிறகு பெற்றோல் இல்லாத காலம் வந்தது. மோட்டார் சைக்கிள்களை வரிசையில் படுக்க வைத்துவிட்டு ஆட்கள் வெயிலில் காய்ந்தபோது, அந்த வரிசையின் தலையிலிருந்து வால் வரைக்கும் மடக்கர் தன் சைக்கிளில் மெதுவாக ஓடிப் போனார். அந்தப் பக்கம் அவருக்கு வேலை எதுவும் இருக்கவில்லை. போய்த் திரும்பி வந்து, இன்னொரு தடவையும் போனார்.

படகில் கதை சுலபமாகிவிட்டது. சைக்கிளை மடக்கி, பழைய கட்டில் துணி ஒன்றால் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருப்பார். படகுக்காரர் வந்து, "அண்ணை, உது சைக்கிளெல்லே?" என்பார்.

"இது பொதி."

"உள்ளுக்க என்ன?"

"உம்மட மனிசி கொண்டுபோற பையுக்க என்னவெண்டு நான் கேட்டனானோ?"

அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்கிற தைரியம் அந்தக் கடலில் யாருக்கும் இல்லை.

இனி என் கதை. நான் அப்போது நெடுந்தீவில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞன், கடிதம் தட்டச்சில் அடிக்கிற வேலை. தினமும் காலை அதே பஸ், அதே படகு. ஒருநாள், படகின் இரண்டு பக்கமும் மழைச் சாரலுக்கு மறைப்பில்லை என்று முறையிட மடக்கர் எங்கள் கந்தோருக்கு வந்தார். வாசலில் சைக்கிளை விட்டு இறங்காமல், கந்தோர் மண்டபத்துக்குள்ளேயே ஓடிவந்து என் மேசை முன்னால் நிறுத்தினார். நான் மனுவை வாங்கி, மேலதிகாரி இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றேன். அது பொய் அல்ல. மேலதிகாரி பெரும்பாலும் இருப்பதில்லை.

"நாளைக்கு வா எண்டு சொல்லுறதுக்கு ஒரு ஆள், இருக்க ஒரு கதிரை, மேல சுத்த ஒரு காத்தாடி! நீர் என்னத்துக்கு இஞ்ச இருக்கிறீர்? கதிரை பறந்துபோகாமல் பாரத்துக்கோ?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், பக்கத்து மேசைக்காரர் சிரித்தார், தேநீர் கொண்டுவந்தவர் தேநீரை வைத்துவிட்டுச் சிரித்தார். என் காது இரண்டும் கொதித்தது. அன்றைக்குத்தான் அந்த மனிதரை நான் வெறுக்கத் தொடங்கினேன்.

வெறுப்புக்கு எண்ணெய் விட்டது அடுத்த மாதம். பஸ் பழுதாகி, கடலுக்கு நடுவால் போகிற தாம்போதிக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. படகுக்கு நேரமாகிறது. அதே பஸ்ஸில் வந்த மடக்கர் சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏறும்."

"இதிலையோ அண்ணை?"

"இல்லை, என்ர தோளில. ஏறும் கெதியா!"

பின் கரியரில் ஏறினேன். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒற்றைக் கோடாக வீதி. ஒற்றைக் காலால் அந்த மனிதர் என்னையும் இழுத்துக்கொண்டு போன வேகம் இருக்கிறதே, உண்மையில் எனக்குக் கொஞ்சம் மதிப்பே வந்தது. பாதித் தாம்போதியில் ஒரு "கிளிக்" கேட்டது. தாழ்ப்பாள் திறந்துவிட்டது. முன்சில்லும் பின்சில்லும் ஒன்றையொன்று பார்க்கத் திரும்பின. நடுவில் நாங்கள் இருவரும் மடிக்கப்பட்டோம். அவர் வீதியில் விழுந்தார். நான் வெள்ளைச் சேட்டோடு கடல் சேற்றில் விழுந்தேன்.

எழும்பி வந்தேன். தூக்கிவிடுவார் என்று பார்த்தால், வீதியில் இருந்தபடியே கத்துகிறார்.

"உம்மட கால்தான் தாழ்ப்பாளைத் தட்டினது! கரியரில இருக்கிறவன் காலை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாதோ?"

"என்ர கால் அந்தப் பக்கமே வரேல்லை!"

"அப்ப கடல் வந்து தட்டினதோ?"

படகு போய்விட்டது. அன்றைக்கு வேலைக்குப் போகாததற்கு மேலதிகாரி எழுத்தில் விளக்கம் கேட்டார். மடிகிற சைக்கிளால் மடிக்கப்பட்டேன் என்று உத்தியோகபூர்வத் தமிழில் எப்படி எழுதுவது? வயிற்றோட்டம் என்று எழுதிக் கொடுத்தேன். பொய் எழுத வைத்துவிட்டாரே என்று அதற்கும் சேர்த்து அவர் மேல் கோபம்.

சில வாரம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் நெடுந்தீவு பார்க்க வந்தார். படகில் யாரோ ஒருவரின் சைக்கிள் செயின் அவருடைய வெள்ளைக் காற்சட்டையில் கறுப்புக் கோடு போட்டுவிட்டது. அது மடக்கருடைய சைக்கிள் அல்ல. அன்றைக்கு மடக்கர் படகிலேயே இல்லை. பெரிய மனிதருக்கு முகம் கறுத்தது, எங்கள் மேலதிகாரிக்கு வேர்த்தது. "பயணிகள் படகில் துவிச்சக்கர வண்டிகளை ஏற்றத் தடை என்று ஒரு அறிவித்தல் அடியும்" என்றார் என்னிடம்.

இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் படகில் வருஷத்தில் ஒருநாள் ஏறுகிறவனின் காற்சட்டைக்காக, தினமும் ஏறுகிறவர்களின் சைக்கிளைப் பறிப்பது. தீவில் இருப்பவர்களுக்கான சட்டம் எல்லாம் இப்படித்தான் பிறக்கிறது. ஒருநாள் வந்தவனுக்குக் கறை பட்டால் சட்டம் வரும். எங்கள் ஆட்கள் வருஷக்கணக்காக நனைந்தால் மனு மட்டும் வரும், அதுவும் என் மேசை லாச்சிக்குள். ஆனால் அன்றைக்கு நான் இப்படியெல்லாம் யோசிக்கவில்லை. அடித்தேன். அடித்து முடித்த பிறகு மண்டபத்துச் சிரிப்பும் கடல் சேறும் ஞாபகம் வந்தது. யாரும் சொல்லாமல், யாரும் கேட்காமல், கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்.

"மடித்துக் கட்டப்பட்ட வண்டிகளும் இதில் அடங்கும்."

மேலதிகாரி வழக்கம்போல வாசிக்காமல் கையெழுத்து வைத்தார்.

மறுநாள் குறிகட்டுவானில் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. மடக்கர் அதற்கு முன்னால் நின்று வாசித்தார். இப்போது வெடிக்கும் என்று படகுக்காரர் இரண்டடி தள்ளி நின்றார். வெடிக்கவில்லை. கடைசி வரியை மட்டும் விரலால் தொட்டு, இன்னொரு தடவை வாசித்தார். பிறகு சைக்கிளை அங்கேயே ஒரு கம்பத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, மரப் பெட்டியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு படகில் ஏறினார்.

அன்றைக்கு நெடுந்தீவில் திரேசம்மா அக்காவின் மெஷின் நின்றுபோயிருந்தது. கடலுக்குப் போன புருஷன் திரும்பி வராததிலிருந்து மூன்று பிள்ளைகளையும் அந்த மெஷினாலேயே வளர்த்தவர். பள்ளிக்கூடம் தொடங்கப் பத்து நாள். அரைவாசி ஊருக்குச் சீருடை தைக்கிற துணி அவர் வீட்டில் குவிந்து கிடந்தது. மடக்கர் இறங்குதுறையிலிருந்து அங்கே நடந்து போனதை நான் கந்தோர் யன்னலால் பார்த்தேன். விறைத்த காலை அரைவட்டமாக வீசி வீசி, தோளில் பெட்டியோடு. ஒரு மதிலில் சாய்ந்து நின்றார். பிறகு அடுத்த மதிலில். எங்கள் கந்தோர் வளைவைத் தாண்டவே அரை மணித்தியாலம் ஆனது. அவர் யாரையும் ஏசவில்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. யன்னலைச் சாத்தினேன்.

பின்னேரப் படகில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"ஒரு விஷயம் சொல்லும். உந்தக் கடைசி வரி ஆர் எழுதினது?"

"மேலதிகாரி… எனக்குத் தெரியாது அண்ணை."

"உம்மட மேலதிகாரிக்கு மடக்கிற சைக்கிள் எண்டு ஒண்டு உலகத்தில இருக்கெண்டே தெரியாது. இது என்னைத் தெரிஞ்ச ஆள் எழுதினது."

நான் கடலைப் பார்த்தேன். கடல் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் இறங்குதுறைக்குப் போனால், மடக்கர் ஆயுதப் பெட்டியை விரித்து வைத்துக்கொண்டு சைக்கிளைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். எங்கள் படகில் ஒரு வழக்கம் உண்டு. "இதைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்று யார் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வோம். மருந்தோ மரக்கறியோ, யாருடைய பொதி என்றாலும், அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை அது பிடித்தவரின் பொதி. மடக்கர் அந்த வழக்கத்தைக் கையில் எடுத்தார். முன்சில்லு மீன்காரி ஒருத்தியின் கூடைக்குள் போனது. பின்சில்லை மாதா கோயில் சுவாமியார் ஒருவர் அங்கிக்கு மேலே வைத்துக்கொண்டார். குழாயோடு சீற் ஒரு வாத்தியாரிடம், ஹாண்டில் ஆடு கொண்டுபோனவரிடம். ஆட்டின் கொம்புக்கும் ஹாண்டிலுக்கும் வித்தியாசம் தெரியாமல் அவர் வழி முழுக்கத் தடுமாறினார். நடுவில் இரண்டாகக் கழன்ற சட்டம் இரண்டு பேரின் காலடியில்.

படகுக்காரர் வந்தார். ஒவ்வொரு மடியாகப் பார்த்தார்.

"அண்ணை, உது சைக்கிள்."

"எங்க? காட்டும் பாப்பம்."

"உந்தச் சில்லு…"

"சில்லுத்தான் சைக்கிளோ? அப்ப உம்மட மூக்கைத் தனிய வெட்டி வைச்சா அதுதான் நீரோ? அறிவித்தலை வாசியும்! மடித்துக் கட்டினதெண்டு கிடக்கு. இஞ்ச ஆர் மடிச்சது? ஆர் கட்டினது?"

படகே சிரித்தது. சுவாமியார் பின்சில்லைச் சுற்றிச் சுற்றிச் சிரித்தார். கடைசியாக மடக்கர் என் பக்கம் வந்தார். கையில் கக்கூசுக் கதவின் தாழ்ப்பாள்.

"இதை நீர் பிடியும்."

வாங்கிச் சேட்டுப் பைக்குள் வைத்தேன். அந்தப் பக்கம் இறங்கியதும் எல்லாரும் அவரவர் துண்டைக் கொண்டுபோய் அவர் முன் வைத்தார்கள். பத்து நிமிஷத்தில் சைக்கிள் எழும்பி நின்றது. தாழ்ப்பாளைக் கேட்டுக் கை நீட்டினார். கொடுத்தேன். நன்றி சொல்லவில்லை.

அப்படி ஆறு மாதம். சில்லைப் பிடிப்பவர்கள் மாறினார்கள், சீற்றைப் பிடிப்பவர்கள் மாறினார்கள். தாழ்ப்பாள் மட்டும் எப்போதும் என்னிடம்தான். என் வெள்ளைச் சேட்டுகளின் பைகளெல்லாம் துருக்கறை. மனைவி துவைத்துத் துவைத்து அலுத்து, "உதை ஆருக்காகச் சுமக்கிறியள்?" என்று கேட்டாள். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. அவர் ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். ஏசாமல் ஒரு இரும்புத் துண்டை நெஞ்சுக்கு மேலே வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய் இருக்கிற மனிதரை என்ன செய்வது?

ஒருநாள் காலையில் கந்தோருக்குப் போனவுடன் அறிவித்தலைத் திரும்ப அடித்தேன். கடைசி வரியை மாற்றினேன். "மடித்துக் கட்டப்பட்ட வண்டிகள் பொதியாகக் கொள்ளப்படும்." வேறு பத்துக் கடிதங்களுக்கு நடுவில் செருகி மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். வாசித்தால் என் வேலை போகும். அவர் வாசிக்கவில்லை. அந்த மனிதரின் சோம்பல் ஒருநாளாவது ஊருக்கு உதவியது.

நானே கொண்டுபோய்க் குறிகட்டுவானில் ஒட்டினேன். பசை காய்வதற்குள் மடக்கர் வந்து பின்னால் நின்றார். வாசித்தார்.

"ஒரு வரி எழுத உமக்கு ஒரு நாள். அதை மாத்த ஆறு மாதமோ?"

"அண்ணைக்கு… தெரியுமோ?"

"அண்டைக்குப் படகில நீர் கடலைப் பாத்த பார்வையிலேயே தெரியும். கடலில என்ன கிடந்தது? ஒரு கோதாரியும் இல்லை."

"அப்ப ஏன் என்னை ஏசேல்லை?"

"நீர் கோபத்தில எழுதினீர். சேத்தில விழுத்தினதும் நான், கந்தோரில சிரிக்க வைச்சதும் நான். கோபத்தில செய்யிறவன் எங்கட ஆள். என்னைத் தெரியாமல், கோபமும் இல்லாமல், காத்தாடிக்குக் கீழ இருந்து கையெழுத்து வைச்சானே, அவனைத்தான் நான் விடமாட்டன்" என்றார். பிறகு, ஏதோ அதிகமாகச் சொல்லிவிட்டது போல, "பசை ஒழுங்காப் பூசத் தெரியாதோ? மூலை எழும்பி நிக்குது!" என்று கத்தினார். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த ஏச்சு விழுந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

இப்போது நான் ஓய்வுபெற்று ஊரில் இருக்கிறேன். போன மாதம் மடக்கருக்கு மற்ற முழங்காலும் காலை வாரிவிட்டது. வலது காலில் சத்திரசிகிச்சை செய்து, கட்டுப் போட்டுக் கட்டிலில் இருக்கிறார். பார்க்கப் போனேன். இரண்டு நாள் பிந்தி வந்ததற்கு அரை மணித்தியாலம் ஏச்சு வாங்கினேன். கட்டிலுக்குக் கீழே சைக்கிள் மடிந்து கிடந்தது.

"திரேசம்மாவின்ர மெஷின் நிண்டுட்டுது. கோயில் பெருநாள் வருகுது, கொடி தைக்க வேணும். அடிநூல் ஓடுற பொபின் கூடு ஒண்டு கொண்டுபோக வேணும்" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியாதது போல முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலை விட்டு எழும்ப முடியாத மனிதரின் முகத்தில் அந்தக் கோபம், அதற்குள் ஒரு பயம். அந்தப் பயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"நான் கொண்டுபோறன் அண்ணை."

"உமக்கு உந்தச் சைக்கிளை ஓடத் தெரியாது."

"பழகிறன்."

"தொப்பியையும் கொண்டுபோம். வெயில்."

மறுநாள் படகில், மடியில் பொதியோடு இருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. நெடுந்தீவில் இறங்கி நிமிர்த்தி ஏறினால்தான் தெரிகிறது, அந்தச் சைக்கிளில் எனக்கு இரண்டு கால் இருந்து பிரயோசனமில்லை. இடது பக்கம் பெடல் இல்லை. படியில் காலை நீட்டி வைத்துக்கொண்டு, வலது காலால் தள்ளி இழுத்துத் தள்ளி இழுத்து, இருநூறு யார் தூரம் போவதற்குள் தொடை விறைத்துவிட்டது. இந்தக் கடினத்தோடா இந்த மனிதர் வருஷக்கணக்காக ஓடினார்? நிறுத்திக் கரியரைத் திரும்பிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கரியரில் ஒருவர் இருந்தால் அவருடைய குதிக்கால் சரியாகத் தாழ்ப்பாளில் வந்து முட்டும். தாம்போதியில் தட்டியது என் கால்தான்.

திரேசம்மா அக்கா பொபின் கூட்டைத் தானே மாட்டினார். என் வேலை, கைத்தொலைபேசியை மெஷினுக்கு நேரே பிடிப்பது மட்டும். அதற்குள்ளிருந்து மடக்கர் கத்தினார். "அந்த விரலை எடும்! மெஷினைக் காட்டும் எண்டா நகத்தைக் காட்டுறார்!" மெஷின் ஓடத் தொடங்கியதும் திரேசம்மா அக்கா தொலைபேசியை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்து, "நீங்கள் எப்ப அண்ணை வருவியள்?" என்று கேட்டார். "அந்த நூலை மாத்தும், சரியில்லை" என்றார் மடக்கர்.

திரும்பி வரும்போது நல்ல வெயில். இரண்டு பக்கமும் கல் மதில். டக். மௌனம். டக். மதிலுக்கு மேலால் என் தொப்பி, இல்லை, அவருடைய தொப்பி மட்டும்தான் தெரிந்திருக்கும். உள்ளே எங்கேயோ மெஷின் ஒன்றைத் துணியால் தட்டித் துடைக்கிற சத்தம். ஒரு பெண் குரல் ஓடிவந்தது.

"மடக்கர் அண்ணை! எங்கட மெஷினையும் ஒருக்காப் பாத்திட்டுப் போங்கோ!"

பிறேக் பிடித்தேன். நான் மடக்கர் இல்லை, எனக்கு ஒரு ஊசிகூடக் கோர்க்கத் தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பைக்குள் தொலைபேசி இருந்தது, அந்தப் பக்கத்தில் கட்டிலில் ஒரு மனிதர் கத்துவதற்குக் காத்திருந்தார்.

"ஓம், வாறன்! ஏன் கத்துறியள்? தேங்காயெண்ணெய் விட்டனீங்களோ?" என்றேன், என்னால் இயன்ற அளவு கோபமாக.